ஏழு மணி முதல்

சுருதிக்கு நாள் மறக்காது. சென்னையில் அவள் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசில் யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள், யாருக்கு எப்போது கல்யாணநாள் என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். கேக் வாங்கி வருவதும் அவள்தான், வேலையில் மூழ்கிக் கிடப்பவர்களை இழுத்து வந்து மேஜையைச் சுற்றி நிறுத்துவதும் அவள்தான். எல்லாம் ஃபோனில் பதிந்திருக்கும். காலை எட்டு மணிக்கு அது ஒரு சத்தம் கொடுக்கும், இவள் உடனே வாழ்த்து அனுப்பிவிட்டுக் குளிக்கப் போவாள். இதில் அவளுக்குப் பெருமை உண்டு. பட்டணத்துக்குப் போனதும் மாறிவிட்டாள் என்று ஊரில் ஒருத்தரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பும் கூடவே உண்டு.

ஊர் திருவண்ணாமலை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் அப்பா விருசபதாசன் கட்டிய வீடு. அவர் அந்த ஆபீசிலேயே கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா சுனந்தா வீட்டோடு இருந்தவள். இருவருக்கும் பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். சமணக் குடும்பங்கள் நாற்பது அங்கே இன்னும் நெல்லும் மல்லாட்டையும் போட்டுக்கொண்டு, தங்கள் கோயிலுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு இருக்கின்றன.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்துவிட்டால் அடுப்பு கிடையாது. ராத்திரியில் உண்பதில்லை என்பது அவர்கள் குலத்துக்கே உள்ள ஒழுக்கம். மற்றவர்கள் முன்னே பின்னே இருந்தாலும் சுனந்தா இம்மி பிசகமாட்டாள். சூரியன் இறங்கினால் சோறு மட்டுமில்லை, தண்ணீரும் தொடமாட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்த டாக்டரிடமே, ராத்திரி மாத்திரையைச் சாயங்காலம் ஐந்தரைக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதி வாங்கி வந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சுருதிக்குப் பையைக் கழற்றுவதற்குள் தட்டு வைத்துவிடுவாள். தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எட்டு மணிக்கு இட்லி தின்னும்போது சுருதி அரைத் தூக்கத்தில் இருப்பாள்.

சென்னையில் அது போயிற்று. என்றைக்குப் போயிற்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி எட்டு. சில மாசம் சாயங்காலம் வாழைப்பழமும் பன்னும் தின்று சமாளித்தாள். பிறகு வேலை, மீட்டிங், ரயில் கூட்டம். தங்கள் ஜனத்திலேயே ஜினசேனனைக் கல்யாணம் செய்துகொண்டு மேடவாக்கத்தில் குடித்தனம் வைத்தபோது, அவனும் ஒன்பது மணிக்கு வருகிறவன், இவளும் ஒன்பது மணிக்கு வருகிறவள். பத்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்ட நாட்கள் எத்தனையோ. ஆபீசில் நாலாவது மாடியில் ஜன்னலுக்கெல்லாம் திரை. சூரியன் மறைவதை அவள் கண்ணால் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

பண்டிகைகளுக்கும் அதே கதிதான். காலண்டரில் எந்தக் கிழமை சிவப்பாக இருந்தாலும் அவள் வீட்டில் விசேஷம் சனிக்கிழமைதான் நடக்கும். தீபாவளி விடியலில் மகாவீரர் முக்தி பெற்ற நேரத்துக்கு ஊரில் எல்லோரும் கோயிலில் நிற்பார்கள். இவள் அதற்கடுத்த வார இறுதியில் இனிப்புப் பெட்டியோடு வந்து இறங்குவாள். அப்பாவும் அம்மாவும் ஒன்றும் சொன்னதில்லை. வந்தாளே, அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் முடிகிறது என்று போன ஆவணியிலேயே ஃபோன் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. நாள் தை மாசத்தில், ஒரு புதன்கிழமை. சுருதி அதைக் குடியரசு தின விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமைக்குத் தள்ளினாள். கிரிவலப் பாதையில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலைப் பிடித்தாள். கிழங்கு வகைகள் சமணர்களுக்கு ஆகாது என்பதால் சமையல்காரரிடம் உருளைக்கிழங்கு கூடாது, கேரட் கூடாது, வெங்காயம் பூண்டு வாடையே கூடாது என்று நாலு முறை சொன்னாள். கேக்கில் முட்டை இல்லை என்பதைக் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகும் விடவில்லை. இத்தனையும் ஞாபகம் இருந்தது. அழைப்பிதழில் மட்டும், சென்னையிலிருந்து வருகிறவர்கள் வந்து சேர நேரம் வேண்டுமே என்று, 'மாலை 7 மணி முதல்' என்று போட்டாள். அச்சான அழைப்பிதழைக் கையில் வாங்கிப் படித்த விருசபதாசன், "ஏழு மணியாம்மா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் கூட்டம் சேராது என்று சுருதி சொன்னாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

சனிக்கிழமை ஹால் ஜேஜே என்று இருந்தது. நூற்றிருபது பேர். ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று காரில் வந்திறங்கினார்கள். அதில் மாறன் என்பவன் மைக் பிடிப்பதில் கெட்டிக்காரன். அவனிடமே நிகழ்ச்சியை ஒப்படைத்திருந்தாள். அப்பாவுக்குப் பட்டு வேட்டி, அம்மாவுக்கு அரக்குப் புடவை. இருவரும் மேடையில் பெரிய நாற்காலிகளில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சுருதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிராமத்திலிருந்து ஒரு வேனில் முப்பது பேர் வந்து இடது பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மேஜைகளில் மூடியைத் திறந்தார்கள். ஆபீஸ்காரர்கள் தட்டை எடுத்தார்கள். இடது பக்கத்திலிருந்து ஒருவரும் எழவில்லை. கூச்சப்படுகிறார்கள் போல என்று நினைத்து சுருதி அங்கே போனாள். அப்பாவின் தங்கை சாந்திமதி அத்தை முன்வரிசையில் இருந்தாள். எழுந்து வாங்க அத்தை, சூடு ஆறிப்போகும் என்று இவள் கையைப் பிடித்தாள்.

"நாங்க அஞ்சரைக்கே சாப்பிட்டுட்டுதாம்மா வேன் ஏறனோம். நீ எங்களப் பாக்காத, அவங்கள கவனி" என்றாள் அத்தை. குத்தலாகச் சொல்லவில்லை. சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

சுருதிக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஹால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. மலை இருக்குமிடம்கூடத் தெரியவில்லை. யாருக்காக நூற்றிருபது பேரைக் கூட்டினாளோ அந்த இரண்டு பேர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நேரத்தில் விருந்து வைத்திருக்கிறாள். உருளைக்கிழங்குக்குப் பயந்தவள் பொழுதை மறந்துவிட்டாள். நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

மேடையில் மாறன் அதற்குள் கேக்கை வெட்டச் செய்துவிட்டான். அம்மா, ஐயாவுக்கு ஊட்டுங்க என்று அவன் மைக்கில் கேட்க, விருசபதாசன் எனக்கு சுகர் தம்பி என்று சிரித்து, துண்டைக் கைக்குட்டையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்படியானால் மகள் வந்து அம்மாவுக்கு ஊட்டட்டும் என்று மாறன் அறிவித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுருதி நடந்து போய் மேடை ஏறினாள். நல்ல சந்தர்ப்பம் அது. மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள், நான்தான் நேரத்தை மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆபீஸ்காரர்கள் கைதட்டக்கூடச் செய்திருப்பார்கள். ஆனால் நாள் மறக்காத சுருதி, ஊர்ப் பழக்கத்தை விடாத சுருதி, அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். அவளால் முடியவில்லை. கேக்கை எடுத்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். ஃபோன்கள் எல்லாம் உயர்ந்தன.

சுனந்தா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு விநாடிதான் இருக்கும். அப்புறம் வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள், ஃபோட்டோவுக்குச் சிரித்தாள். இடது பக்கத்தில் முப்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுனந்தா குளியலறைக்குப் போய் வெகு நேரம் வாய் கொப்பளித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தாள். சர்க்கரை உள்ள உடம்பு, எழுபது வயது. வேண்டாம் என்று ஜினசேனன் மன்றாடினான். விருசபதாசன் தடுக்கவில்லை. ஜினசேனன் அந்தப் பக்கம் போனதும் மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னார். தாலி கட்டிய அன்றைக்குச் சாயங்காலம் எடுத்த விரதம் அது, ஐம்பது வருஷத்தில் பிரசவ வலியில்கூட ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்று. சுருதிக்கு அது இதுநாள்வரை தெரியாது. கல்யாணநாள் தெரியும். விரதத்துக்கும் அதுதான் நாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை.

மத்தியானம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். சுனந்தாவுக்குக் குரல் சோர்ந்திருந்தது. பட்டணத்தில் ஓடுகிற ஓட்டத்தில் மறந்துபோயிற்று, அதற்கென்ன, வேண்டுமென்றா செய்தாய் என்று அவள் தலையைத் தடவினாள். சுருதி அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டாள். ஃபோனில் ஆபீஸ்காரர்களின் பாராட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன: உன்னைப் போல ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், எங்கள் அம்மா அப்பாவுக்கும் நீயே செய்துவிடு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படம். அம்மாவின் திறந்த வாய், கேக், இவள் விரல்கள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மா கிராமத்துக் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். சுருதிதான் காரை ஓட்டினாள். பூசை முடிந்திருந்தது. எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள், சாந்திமதி அத்தையும் இருந்தாள். சுனந்தா சன்னதி முன்னால் கைகூப்பி நின்று, பூசை செய்யும் பெரியவரிடம், இரவுண்ணா விரதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வாசகம் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் சனிக்கிழமை ஹாலுக்கு வராதவர். ஐம்பது வருஷமாக இருப்பதுதானே, திரும்ப எதற்கு என்றார்.

"முந்தாநேத்து பொழுது போனப்புறம் சாப்பிட்டுட்டேன். ஆசையில சாப்பிட்டுட்டேன்" என்றாள் சுனந்தா.

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரியும் அது ஆசையில்லை என்று. அத்தை மட்டும் சுருதியைப் பார்த்தாள். இங்கேயும் வாயை மூடிக்கொண்டு நின்றால் பிறகு இந்தக் கோயில் வாசலை மிதிக்க அவளுக்கு யோக்கியதை இல்லை.

"அம்மா ஆசைப்படல. நான்தான் ஊட்டினேன்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறதி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். "மறந்தும் ஊட்டல. மேடை ஏறச்சயே எனக்குத் தெரியும். அத்தை அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. தெரிஞ்சேதான் ஊட்டினேன்மா."

சுனந்தா திரும்பினாள். முந்தின நாள் தலையைத் தடவியபோது இருந்த முகம் இல்லை. கோபமும் இல்லை. மகளை இப்போதுதான் பார்ப்பவள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"இத அங்கயே மைக்குல சொல்லியிருக்கலாமே சுருதி. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி."

சுனந்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெரியவர் பக்கம் திரும்பி, சொல்லுங்க என்றாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, பொழுது சாய்ந்தபின் உணவும் நீரும் தொடமாட்டேன் என்று, ஐம்பது வருஷம் காத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பவள்போல, தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொன்னாள்.