புஷ்பலதா தேர்ந்தெடுத்த சாக்கெட்

ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த அந்த நிறுவனத்தில் நான்கு பேர் வேலை செய்தார்கள். ஆனால் தினமும் படியேறி வந்து கதவைத் திறப்பவள் புஷ்பலதா ஒருத்திதான். முதலாளி கோகிலன் பாதி நாள் கோலாலம்பூரில் இருப்பான். மற்ற இருவரும் பினாங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். திரையில் மட்டும் தெரிவார்கள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. புந்தோங்கில் வாடகை வீடு. அம்மா போய் இரண்டு வருடமாகியும் இரண்டு பேருக்கு அரிசி போடும் கை மாறவில்லை. மிஞ்சிய சோற்றை மறுநாள் டப்பாவில் கொண்டுவந்து, வேலை மேசையிலேயே சாப்பிட்டுவிடுவாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கான ஒரு கைக்கருவி. வெட்டிய குலைகளின் கணக்கை, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அதில் பதிந்துகொள்ளலாம். முதலில் செய்தவை ஆறே மாதத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. சார்ஜ் போடும் சின்ன சாக்கெட்டை மின்சுற்றுப் பலகையின் மேல்பரப்பில் மட்டும் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். வயரைத் தலைகீழாக அழுத்திச் சொருகிவிட்டு, சிக்கிக்கொண்டதே என்று இழுத்தால், சாக்கெட் செப்புத் தடத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

இனி இந்தக் கருவியில் ஓட்டையே கூடாது என்று வடிவமைப்பைக் கவனிக்கும் புஷ்பலதா முடிவு செய்தாள். முதுகுப் பக்கம் பொன்முலாம் பூசிய நான்கு பொட்டுகள், நடுவில் ஒரு காந்தம். அதேபோல் பொட்டும் காந்தமும் உள்ள சார்ஜ் தாங்கியின் மேல் வைத்தால் டக்கென்று தானே பிடித்துக்கொண்டு சார்ஜ் ஏறும். எட்டு மாதம் அதற்கே போனது. அந்த ‘டக்’ அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வேலை ஓய்ந்த மத்தியானங்களில் சும்மாவே எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பாள்.

பத்து காஜா ஊருக்கு அப்பால், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட ஒரு தோட்டத்தில் பத்துக் கருவிகளைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அங்கிருந்து மண்டோர் ஐயாவு கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒண்ணுலயும் சார்ஜ் ஏறலலா. வந்து பாக்குறியா?”

கோகிலனிடம் சொன்னாள். “எனக்கு மீட்டிங் இருக்கு. நீங்களே போயிட்டு வந்துருங்கக்கா” என்றான்.

தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது ஒரே பிளக். அதன் கீழே பெஞ்சில் தாங்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அதே பெஞ்சின் மறுமுனையில் ஒருவர் குலை வெட்டும் அரிவாளை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். தாங்கியைக் கையில் எடுத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் மீசை முளைத்ததுபோல் கறுப்பாக நின்றது. பொட்டுக்குப் பொட்டு பாலம் போட்டு, ஏற வேண்டிய மின்சாரத்தைத் திருப்பிவிட்டிருந்தது.

“அண்ணே, அருவாள வேற எடத்துல ராவக் கூடாதா?” என்று பக்கத்தில் நின்ற மண்டோரிடம் கேட்டாள்.

“எங்க போறது? வெளிச்சம் இங்கதான் விழுது. மழ வந்தா ஒதுங்குறதும் இங்கதான்.” சட்டைப்பையிலிருந்து தன் கைப்பேசி வயரை உருவினார் ஐயாவு. “இதச் சொருக முடியாதா? இது எல்லார்கிட்டயும் இருக்கு.”

“ஓட்டையே வைக்கலண்ணே.”

“ஏன் வைக்கல?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நடுநடுவே கேள்வி கேட்டார். பெண்டாட்டி போனபின் தானும் தனியாள்தான், மகள் லூமுட்டில் இருக்கிறாள் என்றார். பதினொரு மணிக்கு வந்தவள் காரை எடுக்கும்போது மூன்றாகியிருந்தது. ஒரே நாளில் அவ்வளவு பேசி எத்தனை மாதமாயிற்று என்று அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

காந்தத்தைக் கைவிடக் கோகிலனுக்குத்தான் மனசில்லை. “காந்தம் அழகா இருக்கேக்கா. பாக்குறவங்க எல்லாம் அதத்தான் கேக்குறாங்க.”

“அழகாத்தான் இருக்கு. சார்ஜ் ஏறலையே.”

காந்தம் வேண்டாம் என்று அவளே எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

இந்த முறை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் ஏறுகிற, எல்லாக் கைப்பேசிக்கும் பொதுவான டைப்-சி சாக்கெட். ஆனால் பலகையைத் துளைத்து இறங்கும் நான்கு கால் உள்ள ரகம். அதையும் கருவியின் கூட்டுக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். வயரை ஆட்டினால் பாரத்தைக் கூடு தாங்கும், ஈயம் தாங்க வேண்டியதில்லை. பிறகு சோதனை: ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை கையால் சொருகி எடுப்பது, பத்து நாள். எண்ணிக்கை தப்பாமலிருக்க வாய்விட்டு எண்ணினாள். ஆறாம் நாள் சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான், அன்று முழுக்க எண்களைத் தவிர வேறொரு வார்த்தை பேசவில்லை என்பது உறைத்தது. பெருவிரல் கன்றிப்போயிருந்தது. சாக்கெட் அசையவில்லை.

புதுக் கருவிகள் தோட்டங்களுக்குப் போய் ஒரு வருடத்தில் ஏழுதான் திரும்பி வந்தன. திரை உடைந்தது, பொத்தான் அமுங்கியது. சாக்கெட்டால் ஒன்றுகூட இல்லை. கோகிலன் திரையில் “குட்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனான். அவள் மண்டோர் ஐயாவுக்குப் போன் அடித்தாள்.

“ஈப்போலேருந்து புஷ்பாண்ணே. காந்தம் வச்ச மிஷினு…”

“அட, தங்கச்சி! நான் வேலைய விட்டுட்டேன்லா. லூமுட்ல மக வீட்ல இருக்கேன்.”

“போறதுக்கு முன்னால புது மிஷினு வந்துச்சுல்ல, சார்ஜ் போடுறதுல ஏதாச்சும் பிரச்சினை இருந்துச்சாண்ணே?”

கொஞ்சம் யோசித்தார். “அதுல என்னம்மா பிரச்சினை? சொருகுவோம், ஏறும். சரி, பேத்தி அழுவுது. ஒரு நாளைக்கு வாலா, பாங்கோர் போலாம்.”

“வாரேண்ணே.” அவர் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் லூமுட்டுக்குப் போகவும் போனாள். படகுத்துறைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். மகள் வீட்டு வாசலில் போய் நின்று என்னவென்று சொல்வது? சாக்கெட் உடையவில்லை என்றா? இரண்டு படகுகள் பாங்கோர் தீவுக்குப் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ஒரு பொட்டலம் கருவாடு வாங்கிக்கொண்டு, மழை பிடிப்பதற்குள் ஈப்போவுக்குத் திரும்பினாள்.