அணிக்காக வாங்கிய அடி

குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரை எல்லோரும் ‘பொறுமை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு பாரத்தை அடுக்கில் ஏற்றி முடிப்பதற்குள் பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் அவர் கையில் ஒரு பெட்டிகூட நசுங்கியதில்லை. கிடங்கின் மேற்பார்வையாளர் அவருடைய தங்கை கணவர். வேலையில் சார், வீட்டில் மாப்பிள்ளை.

ஒரு திங்கட்கிழமை காலை மீன் அறையைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. பெட்டிகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. பழுதுபார்க்க நிறுத்திய குளிர் இயந்திரத்தை மறுபடி போட மேற்பார்வையாளர் மறந்திருந்தார்.

மாப்பிள்ளை பொறுமையைச் சாமான் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

“மச்சான், கதவ நீங்கதான் சரியா சாத்தலன்னு சொல்லிடுங்க. டேக் ஒன் ஃபார் த டீம்.”

“என்ன மாப்ள சொல்றீங்க? ஒண்ணும் புரியல.”

“பேஸ்பால்ல சொல்வாங்க. பந்து நேரா ஆள் மேல வரும். மட்டை பிடிச்சவன் ஒதுங்காம உடம்புல வாங்கிக்குவான். வலி அவனுக்கு, லாபம் அணிக்கு. இப்போ எல்லாருக்காகவும் ஒருத்தர் கஷ்டத்த ஏத்துக்கிட்டாலே அப்படித்தான் சொல்றது. உங்களுக்கு மிஞ்சிப்போனா ஒரு எச்சரிக்கை. எனக்குன்னா வேலையே போயிடும். தங்கச்சிய நெனச்சுப் பாருங்க.”

தங்கச்சி என்றதும் அவர் தலையாட்டிவிட்டார்.

விசாரணையில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். மேலாளர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “முன்னாடியும் இவர் இப்படித்தானா?”

“பல தடவ சொல்லிப் பாத்துட்டேன் சார். காதுலயே போட்டுக்க மாட்டாரு.”

பொறுமை மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளையோ மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாலைக்குள் சீருடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் கேட்ட அவர் மனைவி நேரே எதிர்வீட்டுப் பேருந்து ஓட்டுநரிடம் போய் நின்றாள். அவருக்குப் பேஸ்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

“ஏங்க, பேஸ்பால்ல பந்தால அடிபட்டவன என்ன பண்ணுவாங்க? வெளிய அனுப்பிடுவாங்களா?”

“அட, இல்லம்மா! அடிச்சு ஓடிப் புடிக்கவேண்டிய முதல் தளம் அவனுக்குச் சும்மாவே கிடைக்கும். கூட ஆடறவங்க முதுகுல தட்டிக் கொடுப்பாங்க. ஆனா அவனா மனசு வெச்சு வாங்கணும். பின்னாடியிருந்து புடிச்சுத் தள்ளினா அதுக்குப் பேரு வேற.”

“அப்போ எங்க வீட்டுல நடந்தது வேற ஆட்டம்” என்று அவள் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் தங்கை வந்து ஒரே அழுகை. அவர்தான் தேற்றினார். “உனக்குத் தெரியாம நடந்துச்சு. நீ ஏம்மா அழற?”

“தெரியும்ண்ணே.” அவள் நிமிரவில்லை. “உங்ககிட்ட கேக்கச் சொன்னதே நான்தான். அண்ணன் மாட்டேன்னு சொல்லவே மாட்டாருன்னு சொன்னேன்.”

மாப்பிள்ளை செய்தது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இதுவோ அவரை உட்காரவைத்துவிட்டது. தங்கை எப்போது எழுந்து போனாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு மரக்கிடங்கில் அதே வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. தங்கை ஃபோன் செய்தால் எடுக்கிறார், பிள்ளைகளை விசாரிக்கிறார். அவள் “உங்கள ஒண்ணு கேக்கணும்ண்ணே” என்று ஆரம்பித்தால் மட்டும், “அண்ணிகிட்ட பேசு” என்று ஃபோனை மனைவி கையில் கொடுத்துவிடுகிறார்.