சோதனைச் சாவடியில் ஒரு கிராபிக்ஸ் கார்ட்

விவாத மேடைகளில் எதிரணியினரை வாயடைக்கச் செய்து பரிசுகள் வென்றவன் நான். அதே பேச்சு ஒருமுறை என்னை மாட்டிவிடப் பார்த்தது.

இலங்கையில் யுத்த காலம். கம்பளையில் எங்கள் பழைய கணினியின் கிராபிக்ஸ் கார்ட் பழுதடைந்தது. அதில் வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுக்கும் அக்கா, மறுநாள் அவற்றை ஒப்படைக்காவிட்டால் வேலை கைநழுவிவிடும். வழிச் சோதனைகளை நினைத்து, கணினிப் பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுசெல்ல அஞ்சி, கார்டை மட்டும் கழற்றிப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு புதியது வாங்க இருவரும் கண்டிக்குப் புறப்பட்டோம். பெட்டியைவிட அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவர் தாளை விரித்து, இது என்னவென்று சிங்களத்தில் வினவினார். நான் கணினியின் வரலாற்றிலிருந்து விளக்கத் தொடங்கினேன். அவர் முகம் இறுகியது. எங்களை ஓரமாக நிறுத்தினார். பஸ் போய்விட்டது.

"வாய மூடுடா, இது பேச்சுப் போட்டி இல்ல," என்ற அக்கா, கணினியில் படம் தெரிவதற்கான பாகம் இது, பழுதாகிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். மொனிட்டர் வயர் செருகும் இடத்தைப் பார்த்த சிப்பாய், தங்கள் அலுவலகக் கணினியிலும் இப்படி இருப்பதாகச் சொல்லித் திருப்பித் தந்தார்.

அடுத்த பஸ்ஸில் கண்டி போய்ச் சேர்ந்தோம். கடையில் நான் ஆகப் புதிய கார்டையே கேட்டேன். கடைக்காரர் அதையும் எங்கள் பழையதையும் அருகருகே வைத்தார். செருகும் விளிம்பில் வெட்டுகள் வெவ்வேறு இடங்களில் இருந்தன.

"தம்பி, இத வாங்கினா அலுமாரியில வச்சுப் பாக்கலாம். ஒங்க மெஷின்ல ஏறாது," என்று சிரித்து, பொருந்துவதை எடுத்துத் தந்தார். அக்காவின் வரைபடங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

இப்போதும் பாகம் வாங்கப் போகையில் பழையதைக் கொண்டுபோகிறேன். கணினி வாங்கிய பற்றுச்சீட்டும் கூட இருக்கும். வழியில் யாரேனும் கேட்டால், ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.