பலகையம்மாவின் ஓரகத்தி

அந்த உணவகத்தின் சமையலறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பலகையம்மா என்றால்தான் தெரியும். ரொட்டியும் பழத்துண்டுகளும் அடுக்கி மேசைக்குக் கொண்டுபோகும் பதினான்கு மரப்பலகைகளும் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. ஒருநாளும் தொட்டியில் ஊறப்போட மாட்டாள். வெந்நீரில் பிழிந்த துணியால் துடைப்பாள். கறை இருந்தால் கல்லுப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்ப்பாள். பிறகு காற்றுப்பட நிறுத்தி வைப்பாள். வாரம் ஒருமுறை, தேன்மெழுகு உருக்கிக் கலந்த மெழுகெண்ணெய் தடவுவாள். அந்த டப்பா அவளுடைய அலமாரியில், பூட்டுக்குள். பலகைமேல் யாராவது ஈரப் பாத்திரத்தை வைத்துவிட்டால், அவள் பார்க்கிற பார்வையிலேயே எடுத்துவிடுவார்கள்.

இடுப்பு வலியென்று பத்து நாள் படுத்ததுதான் வினை. தன் இடத்துக்குக் கொழுந்தன் மனைவியைத் தானே கொண்டுவந்து விட்டாள். திரும்பி வந்தபோது பலகைகள் கண்ணாடி மாதிரி மின்னின.

“இவ்வளவு வருஷமா இந்தப் பளபளப்பை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று சமையல் மாஸ்டர் சிரித்தார். “பலகை சின்னவகிட்டயே இருக்கட்டும். நீங்க குனிய வேணாம், டம்ளர் துடைங்க.”

அவள் டம்ளர் துணியை வெடுக்கென்று இழுத்தாள். வீட்டில்தான் மாமியார் முதல் பால்காரர் வரை சின்னவள் புராணம் பாடுகிறார்கள் என்றால், இங்கேயுமா?

மறுநாளே சூட்சுமம் தெரிந்துவிட்டது. சின்னவள் பொரிக்கிற எண்ணெயைப் பலகையில் தடவிக்கொண்டிருந்தாள். அது மரத்துக்குள் இறங்கிக் கெட்டு, சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் மாஸ்டர், “சின்னப் பலகையம்மா, இங்க வா” என்றார். “இதோ வந்துட்டேன் மாஸ்டர்” என்று சின்னவள் ஓடினாள்.

நாறட்டும் என்று பெரியவள் டம்ளரை எடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம், ஒரு பலகை, அடுக்கிய ரொட்டியோடு மேசையிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. மாஸ்டர் முகர்ந்து முகம் சுளித்தார்.

“இதுல என்னத்தைத் தடவின?”

“எண்ணெய்தான் மாஸ்டர். தப்பா இருந்தா அக்கா சொல்லியிருப்பாங்களே. தினமும் பக்கத்துல நின்னு பார்த்துட்டுதானே இருந்தாங்க.”

அந்தக் குரலில் குத்தல் ஒரு துளியும் இல்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஈரப் பாத்திரம் வைத்தவர்களை அவள் பார்க்கும் அதே பார்வை.

“ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணுங்க. அப்புறம் பலகை யாருக்குன்னு சொல்றேன்.”

இருவரும் உப்பும் எலுமிச்சையுமாக உட்கார்ந்தார்கள்.

“மரம் ஓடுற பக்கமாத் தேய். குறுக்கால இழுக்காத” என்றாள் பெரியவள்.

“சரிக்கா.”

சின்னவள் ஐந்தாவது பலகையை எடுத்தபோது பெரியவள் இன்னும் இரண்டாவதில்தான் இருந்தாள். எண்ணக் கூடாது என்று நினைத்தும் கண் எண்ணியது.

“இதுக்கப்புறம் என்னக்கா தடவணும்?”

மெழுகெண்ணெய் டப்பா இருந்த அலமாரியின் சாவி இடுப்பில் உறுத்தியது.

“முதல்ல காயட்டும்” என்றாள். காய எப்படியும் இரண்டு நாள் ஆகும்.