கிணற்றுப் பக்கம் கேட்ட குரல்

என் தங்கையின் புருஷன் சுப்பையா என் மடியில் தலைவைத்துக் கிடந்தான். கணுக்காலில் குத்து. ரத்தம் நிற்கவில்லை. சுற்றிலும் கடல். ஊரில் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? முருகனடியார்களே, இதை எழுதும் எனக்கே அன்று நடந்தது இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

வருஷம் அறுபத்தெட்டு, இல்லை, அறுபத்தொன்பதாகவும் இருக்கலாம். வைகாசி மாதம். நான் மானகிரிக் கொத்தனார். காரைக்குடியில் ஓர் ஆச்சி, மகள் கல்யாணத்துக்கு முன் சுவருக்குப் புதுப் பூச்சு வேண்டும் என்றார்கள். "செவுத்துல மூஞ்சி தெரியணும் கொத்தனாரே" என்றார்கள். அதற்கு நல்ல வெள்ளைக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு வேண்டும். ராமநாதபுரம் கரைக்கு எதிரே, ஆளில்லாத ஒரு தீவில் கிளிஞ்சல் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, நானும் சுப்பையாவும் சாக்கோடு பஸ் ஏறினோம்.

கரையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் சொன்னார்: "அங்குட்டு ஒரு ஊரே இருந்துச்சு. ஒரே நாள்ல காலி. காலராங்கிறாக, கப்பல்காரன் பிடிச்சுட்டுப் போனாங்கிறாக. கெணறு மட்டும் கெடக்கு. நல்ல தண்ணி."

"பேய் இருக்காண்ணே?" என்றான் சுப்பையா.

"இருந்தா அதுக்கும் பேச்சுத் தொணை வேணும்ல. ஒங்க மச்சான் வாய்க்குத் தோதா இருக்கும்."

ஊர் ஏன் காலியானது என்று அரைமணி நேரம் விசாரித்தேன். தண்ணீர் எப்போது ஏறும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் சீமையில் கண்மாய் வற்றினால் வற்றியதுதான். மழை பெய்தால்தான் மறுபடி ஏறும். வானத்தில் ஒரு மேகமில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விட்டோம்.

தீவு முழுக்கத் தாழம்புதர். நடுவே இடிந்த சுவர்கள். ஒரு துண்டுச் சுவரில் பழைய பூச்சு மிச்சமிருந்தது. கைவைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இவ்வளவு ஆசையாகப் பூசியவர்கள் ஏன் விட்டுப் போனார்கள்? எனக்குக் குழப்பமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சாக்கு நிரம்பியபோது உச்சிவெயில். கைகழுவ ஓரத்தில் இறங்கிய சுப்பையா "ஆத்தே!" என்று அலறி விழுந்தான். மணலில் புதைந்து கிடந்த திருக்கை மீன் வால்முள்ளால் அடித்துவிட்டது. துண்டால் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழிக்கு ஓடினேன். வழி இல்லை. காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மார்புக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடியது.

"என்னைய விட்டுட்டு நீங்க போங்க மச்சான்."

"சும்மா கெட மாப்ள. உன் பொண்டாட்டிக்கு ஆரு பதில் சொல்றது?"

அவன் கண்ணை மூடிவிட்டான். உடம்பு வெடவெடவென்று ஆடியது.

எங்கள் பக்கத்தில் எந்தச் சாரத்தில் ஏறினாலும் குன்றக்குடி மலை தெரியும். அதைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் கரண்டியைத் தொடுவேன். இங்கே மலை இல்லை. சூரியன் நடுத்தலையில். வடக்கு எது, மேற்கு எது? நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிக் கும்பிட்டேன். தொண்டை வறண்டு போயிருந்தது. 'முருகா' என்று உதடுதான் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு ஐந்தாறு பெண்கள் ஓடிவந்தார்கள். தீவின் மறுபக்கம் கடற்பாசி எடுக்க வள்ளத்தில் வந்தவர்கள். முன்னால் வந்தவர் பெயர் ரோசம்மா.

"நீகளா கூப்பிட்டது?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"ஆம்பளக் கொரலுண்ணே. கெணத்துப் பக்கமிருந்து 'வாங்க, வாங்க'ன்னு. அங்குட்டு ஓடிப்போய்ப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. திரும்பையிலதான் ஒங்களப் பாத்தோம்."

சுப்பையாவின் காலைப் பார்த்ததும், கொண்டுவந்திருந்த கஞ்சிப் பானையைக் கழுவி, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே சுடவைத்து, பொறுக்கும் சூட்டில் அவன் காலை அதில் வைத்தார்கள். "திருக்கை வெஷம் சூட்டுக்குத்தான் அடங்கும்" என்றார் ரோசம்மா. மாற்றி மாற்றி ஊற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் சுப்பையா கண் திறந்தான். நடந்தே வந்த கதையைச் சொன்னதும் ரோசம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"மழை பெஞ்சாத்தான் தண்ணி ஏறும்னு நெனச்சீகளாக்கும்? இது கடலுண்ணே, ஒங்க ஊருக் கண்மாயில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீரோடு சுப்பையாவும் சிரித்தான்.

வள்ளத்தில் வரும்போது கேட்டேன், கூப்பிட்டது யாராக இருக்கும் என்று. "எங்க அந்தோணியார்தான்" என்றார் ரோசம்மா. "எங்க குன்றக்குடியான்" என்றேன் நான். "ஆராயிருந்தா என்ன, ஆளு பொழைச்சுச்சுல்ல? ஆடாம ஒக்காருங்க" என்றார். கரைக்கு வந்ததும் டீக்கடைக்காரரோ கிணற்றில் காற்று அப்படித்தான் ஊதும் என்றார். காற்று என்றால், தினமும் அங்கே போகிற பெண்களுக்கு அன்று மட்டும் ஏன் ஆள் குரலாகக் கேட்டது? என் சத்தமில்லாத கூப்பாடு கிணற்றடிக்கு எப்படிப் போனது? பத்து வருஷமாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. எல்லாம் தெரிந்தவன் போலப் பேசுகிற வாய் எனக்கு. இப்போது தெரியாததைத் தெரியாது என்கிறேன். புது ஊருக்கு வேலைக்குப் போனால் முதலில் அங்குள்ளவர்களைக் கேட்கிறேன்.

ஆவணியில் தங்கைக்குப் பெண் பிறந்தது. லேசாகக் காலை இழுத்துக்கொண்டு வந்து, சுப்பையாவே குழந்தையைக் கையில் வாங்கினான். அவன் வாங்கியதைப் பார்க்க நான் உயிரோடு நின்றேன். முருகா, அது போதும்.

உங்களில் யாரேனும் இன்று ஒன்றும் புரியாமல் நிற்கலாம். புரியட்டும், அப்புறம் கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். குழப்பத்தோடேயே கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டால் உதட்டையாவது அசையுங்கள். கேட்க வேண்டியவனுக்குக் கேட்கும்.