மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்

லாஸ்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். ஒரு ரமலானில், கடைக்குக் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே திரும்பி வந்தது. ஒரு வாரமாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தவர், அன்று கொட்ட மறந்துவிட்டார். காலை மாத்திரையையும் சாயங்காலத்துக்குத் தள்ளியிருக்கிறார்.

"ஊரே நோன்பு வைக்குது. நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது?" என்றார்.

"அதுக்கு, என்னைக் கேக்காம என் கிட்னியப் பட்டினி போடுவீங்களா?" என்று அழுதேன்.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் உப்பு கூடியிருந்தது. நல்லவேளை, சீக்கிரமே இறங்கிவிட்டது. நோன்பு வைக்க டாக்டர் என்னை மட்டும்தான் அனுமதித்தார்.

அதிலிருந்து ரமலான் மதியங்களில் கடைக்குப் போய், அவர் மாத்திரை போட்டாரா என்று கேட்டு, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"உன் கிட்னி ஒன்னு தண்ணி குடிச்சிடுச்சி. உனக்குப் பாதி நோன்புதான்" என்பார், வாயைத் துடைத்துக்கொண்டே.