நத்தம் என்றால் எந்த நத்தம்?

நான் நத்தத்தில் துணை வட்டாட்சியராக இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை பேச்சியம்மாள் ஒரு பந்து மல்லிகையோடு என் மேசைக்கு வந்தார். திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பூ எடுக்கிறவர்.

"மெசேஜ் வந்திருச்சும்மா. நத்தம் தாலுகாவுல மனு தீர்வாயிருச்சாம். பட்டாவக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்."

மனுவைக் கணினியில் திறந்தேன். எங்கள் உதவியாளர் எழுதியிருந்த பதில்: 'இவ்வட்டத்தைச் சார்ந்ததல்ல.' அப்படி முடித்தாலும் 'தீர்வு செய்யப்பட்டது' என்றுதான் செய்தி போகும்.

புதிதாக வேலைக்கு வருவோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வருவாய்த் துறையில் நத்தம் என்றால் ஊருக்குள் மக்கள் குடியிருக்கும் நிலம். எல்லாக் கிராமத்திலும் உண்டு. பேச்சியம்மாள் கேட்டிருந்தது அந்த நத்தம் பட்டா. மனுவைப் பதிந்த ஊழியர் திண்டுக்கல்காரர்; ஊர்ப் பெயர் என்று நினைத்து அதை எங்கள் நத்தம் தாலுகாவுக்குத் தள்ளிவிட்டார். வெளி மாவட்டத்துக்காரர் என்றால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. நத்தம் என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"மழையில செவுரு விழுந்து, பிள்ளைகளோட அண்ணன் வீட்ல கெடக்கேன். வெள்ளிக்குள்ள பட்டா காட்டலைன்னா அரசாங்க வீட்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்னு யூனியன் ஆபீஸ்ல சொல்லிட்டாக. எல்லாம் ஒரே சர்க்காருன்னுல்ல நெனச்சேன்?"

வீட்டுக்குப் பணம் போடுவது டெல்லியும் சென்னையும். யாருக்கு வீடு என்று சொல்வது ஊராட்சி. நிலத்துக்கு எங்கள் துறை. அதில் மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம். இதையெல்லாம் அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. கோபம்தான் வந்தது.

அவருடைய வட்டத்தில் இருந்த துணை வட்டாட்சியரைப் போனில் பிடித்தேன்.

"புதுசா மனு போடச் சொல்லுங்க மேடம்."

"அது வரிசைக்கு வாரதுக்குள்ள வீடு போயிரும் சார். இதையே அனுப்புறேன், நாளைக்கே சர்வேயரை அனுப்புங்க. இல்லைன்னா அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ல நானே வாரேன்."

"நீங்க வேற! அனுப்பித் தொலைங்க மேடம்" என்று சிரித்தார். வியாழக்கிழமை பட்டா கிடைத்தது.

அதன்பின் எந்த வட்டம் என்று கண்டுபிடித்து அனுப்பாமல், எங்கள் பிரிவில் யாரையும் 'சார்ந்ததல்ல' என்று எழுத விட்டதில்லை. மனு நம் எல்லைக்குள் வராது, சரி. ஆள் வந்து நிற்கிறாரே!

புது வீட்டில் பால் காய்ச்ச அழைத்திருந்தார். போனேன். வாசலில் நின்ற சொந்தக்காரர்களிடம், "இவுகதான் எங்க தாலுகா ஆபீஸ் அம்மா" என்றார் பேச்சியம்மாள்.

நான் திருத்தவில்லை.